பழைய மடிக்கணினி: வேகத்தையும் பேட்டரி நேரத்தையும் கூட்ட வழி உண்டா?

வாடிப்பட்டி ஆசிரியை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வாடிப்பட்டிக்கு அருகே உள்ள ஒரு பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். 2013ஆம் ஆண்டு வாங்கிய மடிக்கணினியையே இன்றும் பயன்படுத்தி வருகிறேன். மூன்றாம் தலைமுறை இன்டெல் கோர் ஐ3 செயலி, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், கழற்றி மாட்டக்கூடிய ஆறு செல் பேட்டரி ஆகியவை அதில் உள்ளன. விண்டோஸ் 10 ஓடுகிறது. வினாத்தாள் தட்டச்சு செய்வது, மதிப்பெண் பட்டியல் போடுவது, பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் மாணவர் விவரங்களைப் பதிவது, கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களை யூடியூபில் எடுத்து வகுப்பில் காட்டுவது ஆகியவற்றுக்கு மேல் அதில் நான் எதுவும் செய்வதில்லை.

கணினியை இயக்கிவிட்டு வேர்டு திறப்பதற்குள் அடுப்பில் வைத்த உலை கொதித்துவிடும் போலிருக்கிறது. பேட்டரியோ ஒரு மணி நேரம்கூடத் தாங்குவதில்லை. துணைமின் நிலையப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் தேர்வு வேலை வந்து சேர்ந்தால் தவித்துப் போகிறேன். கடையில் கேட்டால், “புதுசு வாங்கிடுங்க டீச்சர்” என்று சொல்வதோடு முடித்துக்கொள்கிறார்கள். பேட்டரியை உறைபெட்டியில் ஓர் இரவு வைத்தெடுத்தால் பழைய நிலைக்குத் திரும்பும் என்று உடன் பணிபுரியும் ஒருவர் சொல்கிறார். அதைச் செய்து பார்க்க எனக்குத் துணிவில்லை. புதியது வாங்காமல் இன்னும் சில ஆண்டுகள் இதையே ஓட்ட வழி உண்டா? எதை முதலில் செய்ய வேண்டும்?

டவுன்ஹால் ரோடு சர்வீஸ்காரர்

வணக்கம் டீச்சர். பேட்டரியை உறைபெட்டியில் வைக்கவே வேண்டாம். வெளியே எடுக்கும்போது உள்ளே வியர்க்கும் ஈரம், செல்களோடு இருக்கும் மின்சுற்றுப் பலகையைக் கெடுத்துவிடும். லித்தியம் அயனி செல் ஆண்டுக்கணக்கில் இழந்த கொள்ளளவைக் குளிரும் மீட்டுத் தராது, மென்பொருளும் மீட்டுத் தராது.

வேகக் குறைவுக்கும் பேட்டரிக் குறைவுக்கும் காரணங்கள் வேறு வேறு. வேகத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். கணினியை இயக்கி, வேர்டு திறந்துகொண்டிருக்கும்போதே கணினியின் எந்தப் பகுதிக்கு எவ்வளவு வேலை என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, செயலி, நினைவகம், டிஸ்க் ஆகிய மூன்று பத்திகளையும் பாருங்கள். உங்கள் வயதுடைய கணினிகளில் பெரும்பாலும் செயலி சும்மா இருக்கும். டிஸ்க் மட்டும் 100 விழுக்காட்டில் நின்றுகொண்டிருக்கும். நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க், ஒரே இடத்தில் வரிசையாக எழுதப்பட்ட பெரிய கோப்பை நொடிக்கு 100 எம்பி அளவில் படித்துவிடும் என்றாலும், விண்டோஸ் தொடங்கும்போது கேட்பது அங்கங்கே சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை. ஒவ்வொன்றுக்கும் அதன் முள் இடம் மாறி, தட்டு சுழன்று வரும் வரை காத்திருக்க வேண்டியிருப்பதால், நொடிக்கு நூறு துண்டுகளைக்கூட அதனால் எடுத்துத் தர முடிவதில்லை. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டக்கூடிய, சில்லுகளில் கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் முள்ளும் இல்லை. அதே வேலையில் ஆயிரக்கணக்கான துண்டுகளை ஒரு நொடியில் எடுத்துவிடும். இந்த ஒரு மாற்றத்தால் கிடைக்கும் வேகம், வேறு எந்தத் ‘துப்புரவு’ மென்பொருளாலும் கிடைக்காது. அத்தகைய மென்பொருள்கள் ஏதேனும் நிறுவியிருந்தால் முதலில் அவற்றை நீக்கிவிடுங்கள். அவையும் டிஸ்க்கைத் தின்பவைதான்.

வாங்கும்போது 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி என்று கேட்டு வாங்குங்கள். சூயிங்கம் துண்டு போல இருக்கும் எம்.2 வகையைச் செருகும் இடம் உங்கள் கணினியில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 240 ஜிபி அளவே உங்கள் வேலைக்குத் தாராளம். பழைய டிஸ்க்கைக் கழற்றிய பிறகு, டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு சட்டம் வைத்து அதை மாட்டித் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். அங்கே அது சுழன்றுகொண்டே மின்சாரம் எடுக்கும் என்பதால், யுஎஸ்பி உறை ஒன்றில் போட்டு வெளியே வைத்துக்கொள்வதே மேல். எதைச் செய்வதற்கு முன்பும் வினாத்தாள்களையும் படங்களையும் வேறோர் இடத்தில் நகலெடுத்துவிடுங்கள். பத்தாண்டு கடந்த ஹார்ட் டிஸ்க், நகலெடுக்கும் பளுவிலேயே கைவிடுவதை மேசையில் அடிக்கடி பார்க்கிறோம்.

டிஸ்க் மாற்றக் கணினியைத் திறக்கும்போதே விசிறியையும் வெப்பம் வெளியேறும் செப்புத் தகட்டின் இடுக்கையும் துடைக்கச் சொல்லுங்கள். செயலியின் மேல் தடவியிருக்கும் வெப்பப் பசை இத்தனை ஆண்டுகளில் காய்ந்து பொடியாகியிருக்கும்; அதையும் மாற்றிவிடலாம். சித்திரை வைகாசியில் நம்மூர்ச் சூடு 40 டிகிரியைத் தொடும்போது, தூசி அடைத்த கணினிக்குள் செயலி 90 டிகிரியை ஒட்டிச் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கட்டில் மெத்தையின் மேல் வைத்து வேலை செய்கிறவர்களுக்கு இது எல்லா மாதங்களிலும் நடக்கும்.

பேட்டரி பற்றிப் பேசுவதற்கு முன் ஓர் அளவு வேண்டும். கட்டளைச் சாளரத்தை (கமாண்ட் ப்ராம்ப்ட்) திறந்து, பவர்சிஎஃப்ஜி என்று ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டுச் சாய்கோடு போட்டு, அதை ஒட்டிப் பேட்டரிரிப்போர்ட் என்பதை ஒரே சொல்லாகத் தட்டி, என்டர் அழுத்துங்கள். உலாவியில் திறக்கக்கூடிய அறிக்கை ஒன்று உருவாகி, அது எங்கே இருக்கிறது என்பதையும் அதே சாளரம் சொல்லும். பேட்டரி செய்யப்பட்டபோது இருந்த கொள்ளளவு, இப்போது முழுதாக ஏற்றினால் நிற்கும் கொள்ளளவு என அதில் இரண்டு எண்கள் இருக்கும். அவற்றை இங்கே எழுதுங்கள், மேற்கொண்டு சொல்கிறேன்.

அழகர்கோவில் ரோடு மாணவன்

டீச்சர், பவர் ஆப்ஷனில் செயலியின் உச்ச நிலை என்பதை 100இலிருந்து 99 ஆக்குங்கள். செயலி தன் வேகத்தைத் தானே கூட்டிக்கொள்ளும் டர்போ நின்றுவிடும், சூடும் குறையும், பேட்டரியும் நிற்கும். என் கணினியில் நல்ல வித்தியாசம் தெரிகிறது.

திருநகர் லினக்ஸ் வாசகர்

தம்பி சொல்வது ஐ5, ஐ7 செயலிகளுக்குப் பொருந்தும். மூன்றாம் தலைமுறை ஐ3 மடிக்கணினிச் செயலிகளில் டர்போவே கிடையாது என்பதால், ஆசிரியை அவர்களுக்கு அதனால் பயன் ஏதும் இராது.

டவுன்ஹால் ரோட்டு நண்பர் டிஸ்க் பற்றிச் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எஸ்எஸ்டி வாங்கியபின் அதில் எதை நிறுவுவது என்பதையும் யோசிக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நின்றுவிட்டன. நீட்டிப்புக்குப் பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்கும் 2026 அக்டோபர் 13 வரைதான். விண்டோஸ் 11 முறைப்படி ஏறுவதற்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும் என்பதால், இந்தக் கணினி அந்தப் பட்டியலில் வராது. குறுக்கு வழியில் ஏற்றிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். மாணவர்களின் விவரங்களைக் கையாளும் கணினியில் அதை நான் செய்ய மாட்டேன்.

விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட். அதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு 2 ஜிபி ராமில் ஓடும், 4 ஜிபியில் வசதியாக ஓடும். ஒரு பென் டிரைவில் அதை ஏற்றி, எதையும் நிறுவாமல், உங்கள் கணினியில் வைஃபையும் ஒலியும் பிரிண்டரும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். நிறுவியபின் டிஎல்பி என்ற சிறு மென்பொருளைச் சேர்த்துவிட்டால், பேட்டரியில் ஓடும்போது வைஃபை, யுஎஸ்பி, டிஸ்க் ஆகியவற்றின் மின் சேமிப்பை அதுவே பார்த்துக்கொள்ளும். 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை அதிலும் கிடைக்கிறது. கூடுதலாக வாங்க வேண்டியது எதுவும் இல்லை.

யூடியூப் பற்றி ஒன்று, இது விண்டோஸுக்கும் பொருந்தும். உங்கள் செயலியில் உள்ள வரைகலைப் பகுதி எச்.264 வகை வீடியோவைத் தன் வன்பொருளாலேயே விரித்துவிடும். யூடியூப் இப்போது பெரும்பாலும் அனுப்பும் விபி9 வகையை விரிக்க அதற்குத் தெரியாது. எனவே அந்த வேலை முழுவதும் செயலியின் தலையில் விழுகிறது. விசிறி அலறுவதும் பேட்டரி கரைவதும் அதனால்தான். எச்.264 வகையை மட்டும் கேட்டு வாங்கும் உலாவி நீட்சிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் ஒன்றைப் போட்டு, தரத்தை 480 அல்லது 720இல் வைத்து, பாடம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் செயலியின் எண்ணைப் பாருங்கள். வகுப்பில் பாடம் காட்டுகிறவருக்குப் பேட்டரி சேமிப்பில் இதுதான் பெரிய பங்கு என்பது என் கருத்து; திரையின் ஒளியைக் குறைப்பது அடுத்தது.

சிம்மக்கல் அச்சகத்தார்

லினக்ஸ் நண்பருக்கு ஒரு குறுக்கீடு. தமிழாசிரியர்கள் பலரிடம் பழைய வினாத்தாள்கள் யூனிகோடில் இராது. பாமினியில் இருந்தால் அந்த எழுத்துருவை லினக்ஸில் நிறுவியவுடன் படிக்கவும் தட்டவும் இயலும். தனி விசைப்பலகை மென்பொருளை நம்பியிருக்கும் வேறு எழுத்துருக்களில் தட்டியவர்களுக்கு, அந்த மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடும் என்பதால், பெரும் தொல்லையாகிவிடும். வேர்டில் கட்டம் போட்டுச் செய்த வினாத்தாளை லினக்ஸில் வேர்டுக்குப் பதிலாக இருக்கும் லிப்ரே ஆபிஸில் திறந்தால் கடைசிக் கேள்வி அடுத்த பக்கத்துக்கு ஓடுவதும் உண்டு. எங்களிடம் அச்சுக்கு வரும் கோப்புகளில் அதைத் திருத்துவதே ஒரு வேலை. 240 ஜிபியில் இரண்டு இயங்குதளங்களையும் வைத்துக்கொள்ளலாம். இணைய வேலைக்கு லினக்ஸ், பழைய கோப்புகளுக்கு இணையத்தில் சேராத விண்டோஸ் என்று பிரித்துக்கொண்டால் இரு பக்கமும் நட்டமில்லை.

வாடிப்பட்டி ஆசிரியை

இவ்வளவு அக்கறையாக எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. என் கோப்புகளில் பாதி பாமினி, மீதி யூனிகோடு. ஆகவே அச்சகத்தார் சொன்ன தொல்லை எனக்கு அதிகம் இராது என்று நினைக்கிறேன். சர்வீஸ்கார ஐயா சொன்னபடியே டிஸ்க் 100இல் நிற்கிறது. பேட்டரி அறிக்கையில் முதல் எண் 47,520 மில்லிவாட் மணி, இரண்டாவது எண் 16,800. இதற்கு என்ன பொருள்?

இன்னும் இரண்டு ஐயங்கள். பேட்டரியின் கூட்டை வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் செல்களை மட்டும் மாற்றித் தருவதாகவும், அதற்குப் புதிய பேட்டரியின் விலையில் பாதிதான் ஆகும் என்றும் ஒரு கடையில் சொன்னார்கள். அது சரிவருமா? அடுத்து, வீட்டில் 150 ஏஎச் (ஆம்பியர் மணி) பேட்டரியோடு இன்வெர்ட்டர் இருக்கிறது. மின்சாரம் நின்று அது பொறுப்பேற்கும் கணத்தில் சில நேரம் மடிக்கணினி சட்டென்று அணைந்துவிடுகிறது. இதுவும் மடிக்கணினிப் பேட்டரியின் குறையா?

டவுன்ஹால் ரோடு சர்வீஸ்காரர்

டீச்சர், உங்கள் பேட்டரியில் மிஞ்சியிருப்பது 35 விழுக்காடு. கணக்கு எளிது. 16.8 வாட் மணி கொள்ளளவிலிருந்து உங்கள் கணினி 20 வாட் எடுத்தால் ஐம்பது நிமிடம் ஓடும். உங்களுக்கு இப்போது கிடைப்பதும் ஏறத்தாழ அதுதான். எஸ்எஸ்டி, திரை ஒளி, வீடியோ நீட்சி ஆகியவற்றால் அந்த 20 வாட்டை 13க்குக் கொண்டுவந்தால் இதே பேட்டரி ஒன்றேகால் மணி நேரம் தாங்கும். அதே சிக்கனத்தோடு, சொன்ன கொள்ளளவு உண்மையாகவே உள்ள புதிய பேட்டரி ஒன்றை மாட்டினால் மூன்றரை மணி நேரம் வரை போகும். அதனால்தான் பேட்டரியைக் கடைசியில் வாங்கச் சொல்கிறேன். முதலில் செலவைக் குறைத்தால், புதிய பேட்டரி உண்மையில் தேவையா என்பதே தெரிந்துவிடும்.

செல் மாற்றுவதை நான் பரிந்துரைப்பதில்லை. அந்தக் கூட்டுக்குள் ஒரு சிறு சில், பழைய செல்களின் கொள்ளளவையும் ஏற்ற இறக்க எண்ணிக்கையையும் நினைவில் வைத்திருக்கும். செல்களைக் கழற்றும்போது இணைப்பு அறுந்தால் சில வகைகள் பூட்டிக்கொள்ளும். பூட்டாவிட்டாலும், புதிய செல் போட்ட பிறகும் பழைய எண்ணையே காட்டிப் பாதியில் அணைத்துவிடும். அந்தச் சில்லைத் திருத்தி எழுதும் கருவி உள்ள கடை என்றால் வேறு பேச்சு. செல்களைப் புள்ளி வெல்டிங் செய்யாமல் சாலிடரிங் அயனால் சூடு வைத்து ஒட்டுகிறார்கள் என்று தெரிந்தால் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். தீப்பிடிக்கும் அபாயத்தை மலிவாக வாங்க வேண்டியதில்லை.

புதிய பேட்டரியிலும் ஏமாற்று உண்டு. தராசு ஒன்று போதும், பெரும்பாலானவற்றைப் பிடித்துவிடலாம். ஆறு செல் பேட்டரியின் உள்ளே இருக்கும் உருளை செல் ஒவ்வொன்றும் 45 கிராமை ஒட்டி இருக்கும்; ஆறும் கூடும் சேர்ந்தால் 300 கிராம் அளவில் வர வேண்டும். 200 கிராமில் ஆறு செல் பேட்டரி என்று ஒருவர் கொடுத்தால், உள்ளே ஆறு இல்லை அல்லது இருப்பவை செல்லுக்கு உரிய எடையில் இல்லை. அந்த அளவுச் செல்களில் நம்பகமானவை 3,500 மில்லி ஆம்பியர் மணியை ஒட்டியே நின்றுவிடுகின்றன. ஒரே செல்லின் மேல் 9,800 என்று அச்சிட்டிருந்தால் அது அச்சு மட்டுமே. தயாரித்த மாதத்தையும் பாருங்கள். கடை அலமாரியில் மூன்று ஆண்டு கிடந்த லித்தியம் பேட்டரி, ஒரு முறைகூட மாட்டப்படாமலேயே கிழடு தட்டியிருக்கும்.

வாங்கியபின் அதை நீண்ட நாள் வைத்திருக்க ஒன்றே ஒன்றுதான் சொல்வேன்: முழு ஏற்றத்திலும் சூட்டிலும் ஒருசேர அதை வைக்காதீர்கள். எந்நேரமும் சார்ஜரில் 100 விழுக்காட்டில் கிடக்கும் பேட்டரிதான் விரைவில் சாகிறது. சில நிறுவனங்களின் கணினிகளில் 60 அல்லது 80 விழுக்காட்டோடு ஏற்றத்தை நிறுத்தும் வசதி உண்டு. உங்களுடையதில் இருக்கிறதா என்று, கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரையான பயோஸில் பாருங்கள். இல்லையென்றால் கோடை விடுமுறையில் பாதி ஏற்றத்தில் கழற்றி, வீட்டில் குளுமையான அறை ஒன்றில் வைத்துவிடுங்கள்.

மேலூர் மின்பொறியாளர்

இன்வெர்ட்டர் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். மடிக்கணினியில் ஓரளவு ஏற்றம் இருக்கும்போதும் அணைந்தால் பேட்டரியைத்தான் சந்தேகிக்க வேண்டும். உள்ளே ஒரு வரிசைச் செல்கள் மற்றவற்றைவிட நலிந்துவிட்டால், திடீரென்று முழுப் பளுவும் விழும் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து கணினி அணையும். ஆனால் இன்வெர்ட்டரின் முகப்பிலோ பின்பக்கத்திலோ யுபிஎஸ், ஈகோ என்று இரு நிலைகள் உள்ள பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் அது ஈகோவில்தான் இருக்கும். அந்த நிலையில் மாறுவதற்கு எடுக்கும் நேரம் விசிறிக்கும் விளக்கிற்கும் தெரியாது, கணினிக்குத் தெரியும். யுபிஎஸ் நிலையில் அந்த மாற்றம் பத்து மில்லிநொடி அளவில் முடிந்துவிடுவதால், அடாப்டருக்குள் தேங்கியுள்ள மின்சாரமே இடைவெளியைத் தாண்டிவிடும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. யுபிஎஸ் நிலை ஏறத்தாழ 180 வோல்ட்டுக்குக் கீழே போனால் லைன் மின்சாரத்தை ஏற்றுக்கொள்ளாமல் பேட்டரிக்குத் தாவிவிடும். வயல் பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் வாடிப்பட்டிப் பக்கம் மின்னழுத்தம் இறங்கினால், மின்சாரம் இருந்தும் இன்வெர்ட்டர் பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கும். கணினி வேலை உள்ள நாளில் யுபிஎஸ், மற்ற நாள்களில் ஈகோ என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

12 வோல்ட் 150 ஏஎச் என்பது ஏட்டளவில் 1,800 வாட் மணி. மடிக்கணினியின் 20 வாட் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. உங்கள் பராமரிப்பு நாள் வேலை வீட்டில்தான் நடக்கிறது என்றால், இன்வெர்ட்டர் பேட்டரி நல்ல நிலையில் இருக்கும் வரை, மாலை 5 மணி வரை விசிறியோடும் விளக்கோடும் மடிக்கணினியையும் அது தாங்கும். மடிக்கணினிக்குப் புதிய பேட்டரி வாங்குவதா வேண்டாமா என்பதை, வகுப்பறையில் மின்சாரமில்லாமல் எத்தனை நேரம் பாடம் காட்ட வேண்டியிருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். சதுர அலை இன்வெர்ட்டராக இருந்து அடாப்டர் ‘உம்’மென்று இரைந்தால், அது சூடாகிறதா என்று மட்டும் கவனித்து வாருங்கள்.

வாடிப்பட்டி ஆசிரியை

பொத்தான் ஈகோவில்தான் இருந்தது. மாற்றிவிட்டு மெயினை அணைத்துப் பார்த்தேன், கணினி அணையவில்லை. வகுப்பில் ஒரு பாடவேளைக்கு மேல் பேட்டரியில் ஓட்டும் தேவை வருவதில்லை, ஆகவே எஸ்எஸ்டியும் தூசி துடைப்பும் முதலில், பேட்டரி பிறகு என்று வைத்துக்கொள்கிறேன். சர்வீஸ்கார ஐயாவுக்கு ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது: அதே கையோடு ராமையும் 8 ஜிபி ஆக்க வேண்டுமா?

டவுன்ஹால் ரோடு சர்வீஸ்காரர்

எஸ்எஸ்டி போட்டுச் சில வாரம் ஓட்டிப் பாருங்கள் டீச்சர். உலாவியில் நான்கைந்து பக்கங்கள் திறந்திருக்கும்போது நினைவகம் 90 விழுக்காட்டைத் தாண்டி, கணினி தடுமாறினால் மட்டும் 4 ஜிபி துண்டு ஒன்றைச் சேருங்கள். உங்கள் தலைமுறைக்கு டிடிஆர்3 வகை, 1.35 வோல்ட் டிடிஆர்3எல் துண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகும், ஆனால் டிடிஆர்4 செருகவே செருகாது. டிஸ்க் மாற்றத் திறக்கும்போது இரண்டாவது இடம் காலியாக இருக்கிறதா என்று பார்த்து, உள்ளே இருக்கும் துண்டின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால், பிறகு எந்தக் கடையிலும் அதைக் காட்டி வாங்கலாம்.